எல்லை ஊரின் செவியில் ராக், பாப், ராப்: இளையோர் இசையின் மதிப்பீடுகள் மாறிய விதம்

பாட்டு இளைஞர்களைக் கெடுக்குமா என்ற கேள்வி கிதாரைவிடப் பழையது. பிளேட்டோ தமது 'குடியரசு' நூலில் அழுகைக்கும் குடிமயக்கத்துக்கும் ஏற்ற பண்களை நகரத்திலிருந்து விலக்கச் சொன்னார். துணிவுக்கும் அடக்கத்துக்கும் உரிய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார். விடுதலை பெற்ற இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைத் தாழ்த்துகின்றன என்று கருதி 1952 முதல் அகில இந்திய வானொலியில் அவற்றை ஒடுக்கினார். 1985இல் அமெரிக்க செனட், ராக் பாடல் வரிகளுக்கென்றே ஒரு விசாரணை நடத்தியது. 2025 மார்ச்சில் கேரள சட்டமன்றம் போதைப்பொருளையும் இளைஞர் வன்முறையையும் விவாதித்தபோது சினிமாவின் பங்கும் பேச்சில் வந்தது.

குற்றச்சாட்டு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றுதான்: முன்பு பாட்டு நல்லது சொன்னது, இப்போது கெட்டது சொல்கிறது. இதற்கு இதுவரை கிடைத்த விடைகளை நகரங்களையும் பெரும் சந்தைகளையும் மட்டும் மனத்தில் வைத்து எடைபோடுவது வழக்கம். இரண்டு மொழிப் பாட்டும் ஒரே நேரத்தில் வந்து விழும் எல்லை ஊர் ஒன்றிலிருந்து பார்த்தால் அந்த விடைகளின் வலுவும் ஓட்டையும் இன்னும் தெளிவாகத் தெரியக்கூடும். காரக்கோணத்தை இங்கே எடுத்துக்கொள்வது அதற்காகத்தான்.

இரண்டு மொழி, பல இசை

காரக்கோணம் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர உறவிலும் பேச்சிலும் பாட்டிலும் விழவில்லை. மலையாளத் திரையிசையின் தொடக்ககாலக் குரல்களில் ஒன்றான கமுகறை புருஷோத்தமன் பிறந்த திருவட்டாறு இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. கோயில் விழாவுக்குப் பாடகர் குழுவை அழைத்தால் கேரளப் பக்கம் அது கானமேளா, குமரிப் பக்கம் இன்னிசைக் கச்சேரி. இரண்டு மேடைகளிலும் தமிழ்த் துள்ளல் பாட்டுக்கு ஆடாத இளைஞர் கூட்டம் அரிது.

இங்கே இன்னொரு வரலாறும் உண்டு. 1806இல் ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூருக்கு வந்தபின் லண்டன் மிஷன் சபைகள் பரவின. அவற்றோடு ஆங்கிலப் பாமாலைகளும் பல குரல் இசைவும் ஆர்மோனியமும் பாடகர் குழுக்களும் வந்தன. நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார், கர்நாடக ராகங்களில் மலையாளக் கிறித்தவப் பாடல்களை இயற்றினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் தமிழில் முன்பே தொடங்கிவைத்த வழி அது. காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி தாங்கியிருக்கும் பெயரும் இசைக்கு அந்நியமானதல்ல. அந்தப் பெயருக்குரிய ஹோவர்ட் சாமர்வெல் நெய்யூரில் அறுவை மருத்துவராகப் பணிசெய்தவர்; 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்குபெற்றவர். திபெத்திய மெட்டுகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டவர்.

இதனால் ஒரு பொதுக் கருத்து இந்த மண்ணில் ஆரம்பத்திலேயே இடறுகிறது. மேற்கத்திய இசை வந்தது, ஒழுக்கம் போனது என்ற கருத்து அது. ஐம்பதுகள் முதல் எழுபதுகள் வரை தமிழ்த் திரையில் டிரம்பெட்டும் டிவிஸ்ட்டும் பெரும்பாலும் வில்லனின் விடுதியையோ கெட்டுப்போன பணக்காரப் பிள்ளையையோ சுட்டின. அதே காலத்தில் தென் திருவிதாங்கூர்ச் சபைகளில் மேற்கத்திய இசைவு புனிதத்தின் ஒலியாக இருந்தது. ஒரே ஊர்க்காரர் சனிக்கிழமை திரையரங்கில் கேட்டதும் ஞாயிறன்று ஆலயத்தில் கேட்டதும் இசையிலக்கணத்தில் உறவுக்காரர்கள். ஆகவே மதிப்பீட்டை இசைக் கருவியில் தேடுவது இங்கே செல்லாது.

தடுக்கச் சொல்வோர்

மிகப் பழைய தரப்பு இது. இன்றும் அதிகாரத்தின் பக்கம் வலுவாக நிற்பதும் இதுவே. இளைய மனம் எளிதில் பதியக்கூடியது, கேட்பதைச் செய்யத் துணியும், எனவே கேட்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது இதன் வாதம்.

கேஸ்கரின் தடை இத்தரப்புக்குக் கிடைத்த பெரிய சோதனை. அகில இந்திய வானொலி திரைப்பாட்டை ஒதுக்கியதும் கேட்பவர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசு பின்வாங்கியது. தெற்குக் கரையோரம் முழுக்க இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டதால் இன்னொரு விளைவும் உண்டாயிற்று: ஈழத்தின் தமிழ்ப் பொப் பாடல்கள் இங்கே வந்து சேர்ந்தன. நித்தி கனகரத்தினத்தின் புகழ்பெற்ற பொப் பாடல் ஒன்று கள்ளுக்கடைக்குப் போகாதே என்று மன்றாடுவது. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' வெறும் களிப்பு. புதிய வடிவம் பழைய அறிவுரையையும் சுமக்கும், சுமக்காமலும் போகும் என்பதை அந்த இரண்டு பாடல்களே காட்டிவிடுகின்றன.

1985 விசாரணைக்குப் பின் அமெரிக்க இசைத்தட்டுகளில் பெற்றோர் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டப்பட்டது. இந்தியாவில் அதற்கு ஒப்பான நிகழ்வுகள் சிதறிக் கிடக்கின்றன. 2015 டிசம்பரில் சிம்பு பாடிய 'பீப் சாங்' இணையத்தில் பரவியபோது மாதர் சங்கம் தெருவில் இறங்கியது. கோவையிலும் சென்னையிலும் காவல்துறை வழக்குப் பதிந்தது. 2019 ஜூலையில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம், மதுவையும் போதையையும் வன்முறையையும் புகழும் பாடல்கள் நேரடி நிகழ்ச்சிகளில்கூட இடம்பெறாமல் பார்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டது. 2023இல் 'லியோ' படத்தின் 'நா ரெடி' பாடலுக்கு எதிராகப் புகார் போனபின், புகைபிடித்தல் பற்றிய எச்சரிக்கை வாசகம் அதன் காணொளியில் சேர்க்கப்பட்டது. 2024 நவம்பரில் ஹைதராபாத் நிகழ்ச்சிக்கு முன் தில்ஜித் தோசாஞ்சுக்கு அறிவிப்பு அனுப்பினார்கள். அவர் மதுவைக் குறிக்கும் சொற்களை மட்டும் மாற்றிப் பாடினார்.

இத்தரப்பின் அக்கறையை எள்ளி நகையாடுவது சரியல்ல. போதையால் பிள்ளையை இழந்த வீட்டில் நின்று பாட்டுரிமை பேச முடியாது. ஆனால் இதன் நடைமுறை இரண்டு இடத்தில் ஓட்டை. திரைப்படத்துக்குத் தணிக்கை உண்டு. படத்தைச் சாராமல் யூடியூபில் வெளியாகும் பாட்டுக்கு முன்தணிக்கை இல்லை. இன்று இளைஞர்கள் கேட்பதில் கணிசமானது இரண்டாவது வகை. மேலும், சொல்லைத் தடுத்தால் பொருள் தடைபடுவதில்லை. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், தன்னை மறுத்த பெண்ணைப் பழிக்கும் பாட்டு தணிக்கையைக் கடந்து குழந்தைகள் ஆண்டுவிழாவில் ஆடப்படும். 2011 நவம்பரில் வெளிவந்து உலகமெங்கும் பரவிய 'ஒய் திஸ் கொலவெறி டி' அப்போதே இந்த விவாதத்தை எழுப்பியது. அதில் தடைசெய்யத்தக்க சொல் எதுவும் இல்லை. காதலில் தோற்ற ஆணின் புலம்பல் ஒரு தலைமுறையின் செல்ல வேடிக்கையாக ஆனது.

எண்ணிப் பார்த்தோர்

இரண்டாம் தரப்பு ஆய்வகத்திலிருந்து வருகிறது. 2011இல் டிவால், ட்வெங்கி முதலியோர் 1980 முதல் 2007 வரை அமெரிக்காவில் உச்சம் தொட்ட பாடல்களின் சொற்களை எண்ணினார்கள். 'நான்', 'என்' போன்ற தன்மை ஒருமைச் சொற்களும் கோபச் சொற்களும் கூடியிருந்தன; பிறரோடு உறவைக் குறிக்கும் சொற்கள் குறைந்திருந்தன. 2019இல் பிராண்டும் இணை ஆய்வாளர்களும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலப் பாடல்களைப் பார்த்து, 1965க்குப் பின்னான அரை நூற்றாண்டில் துயர, வெறுப்புச் சொற்கள் பெருகியதைக் கண்டார்கள். 2024இல் வந்த மற்றோர் ஆய்வு 12,000 பாடல்களை அலசி, வரிகள் எளிமையாகவும் திரும்பத்திரும்ப வருவனவாகவும் ஆகிவிட்டன என்றது.

கேட்பதற்கும் நடப்பதற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆண்டர்சன் குழுவின் 2003 சோதனைகளில், வன்முறைப் பாட்டைக் கேட்ட மாணவர்களிடம் பகை எண்ணம் சிறிது நேரம் உயர்ந்தது. கிரைட்டமையர் 2009இல் மறுபக்கத்தைக் காட்டினார்: பிறருக்கு உதவும் கருத்துள்ள பாட்டைக் கேட்டவர்கள் உதவ முன்வருவது கூடியது. மார்ட்டினோவும் குழுவினரும் 1,461 பதின்பருவத்தினரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, இவற்றில் மிகக் கூர்மையானது. பாலுறவைப் பற்றிய பாட்டு எல்லாமே ஒன்றல்ல என்று அது பிரித்துப் பார்த்தது. பெண்ணை இழிவாகக் காட்டும் வரிகளை அதிகம் கேட்டவர்களிடம் இளவயது உறவு முன்கூட்டித் தொடங்கியது. இழிவு கலவாத காதல், காம வரிகளுக்கு அந்தத் தொடர்பு தென்படவில்லை. ஆபாசம் என்று மொத்தமாகச் சுட்டுவோர் கவனிக்க வேண்டிய முடிவு இது: பெண் அதில் மனுஷியாக இருக்கிறாளா என்பதுதான் வேறுபடுத்துகிறது.

ஆயினும் இந்த ஆய்வுகளைக் காரக்கோணத்துக்கு அப்படியே இறக்கிவிட முடியாது. சொற்களை எண்ணிய மூன்று ஆய்வுகளும் ஆங்கில வரிகளை எண்ணியவை. தமிழிலும் மலையாளத்திலும் திரைப்பாட்டு பெரும்பாலும் ஒரு கதாபாத்திரத்தின் வாயில் வருவது. 'நான்' என்பவன் பாடகனா, கவிஞனா, நாயகனா என்பதை எண்ணிக்கை சொல்லாது. ஆய்வகத்தில் பத்து நிமிடம் உயர்ந்த பகை, வாழ்நாளுக்கு நீடிக்கும் என்பதற்கும் சான்று போதாது. 1987இல் பிரின்ஸ்கியும் ரோசன்பாமும் பதின்பருவத்தினரிடமே கேட்டபோது, தங்களுக்குப் பிடித்த பாட்டு எதைப் பற்றியது என்று பலரால் சொல்லவே முடியவில்லை. பெரியவர்கள் கேட்ட பொருள் வேறு, பிள்ளைகள் கேட்டது வேறு. தமிழ் வீட்டில் வளர்ந்து மலையாளப் பள்ளியில் படிக்கும் எல்லைப் பிள்ளைக்கு இரு மொழிச் சிலேடையும் புரியலாம், இரண்டும் பாதிபாதியாக நழுவவும் கூடும்.

இந்த எண்ணிக்கையாளர்களிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டு. 'அந்தக் காலத்துப் பாட்டு' என்ற ஏக்கத்தை அவர்கள் சரிபார்க்கத்தக்க கேள்வியாக மாற்றினார்கள். நமது மொழிகளில் அந்த வேலை நடக்கும்வரை, மதிப்பு சரிந்தது என்பதும் சரியவில்லை என்பதும் உரத்த அபிப்பிராயங்களாகவே இருக்கும்.

சந்தையைக் குறை சொல்வோர்

மூன்றாம் தரப்புக்கு வரிகள் இரண்டாம்பட்சம். 1941இல் தியோடர் அடோர்னோ, வெகுசன இசை ஒரே அச்சில் வார்த்தது, கேட்பவரைப் பணியப் பழக்குகிறது என்றார். ஸ்டூவர்ட் ஹாலும் பாடி வானெலும் 1964இல் அதை மறுத்து, வெகுசன இசைக்குள்ளேயே நல்லதும் தீயதும் பிரித்துணர மாணவர்களைப் பழக்கலாம் என்று எழுதினார்கள். 1979இல் டிக் ஹெப்டிஜ், இளைஞர்கள் சந்தைப் பொருளை எடுத்துத் தங்கள் எதிர்ப்பின் சின்னமாக மாற்றுவதை விளக்கினார்.

நம் பக்கத்தில் இரண்டுக்கும் சான்று உண்டு. 1979இல் வந்த 'நினைத்தாலே இனிக்கும்' ஒரு பாப் குழுவை நாயகர்களாக்கி, களிப்பையே வாழ்வின் நோக்கமாகப் பாடவைத்தது; சந்தை அதை ஆசையோடு விற்றது. 2008இல் தங்கள் பெயரிலேயே இசைத்தொகுப்பு வெளியிட்ட அவியல் குழுவோ, ராக் என்றால் ஆங்கிலம் என்றிருந்த கேரளக் கல்லூரி மேடைகளில் மலையாளச் சொல்லையும் நாட்டார் மெட்டையும் ஏற்றியது. இன்றைய சந்தையின் அலகு பாட்டுகூட இல்லை, முப்பது வினாடித் துண்டு. ஒரு பாட்டின் மூன்றாம் சரணத்தில் என்ன திருத்தம் வந்தாலும், பரவும் துண்டில் அது இருக்காது. பாட்டின் ஒழுக்கத்தை முழுப் பாட்டில் தேடும் பழைய முறைக்கு இது பெரிய சவால். அடோர்னோ கேட்டிருந்தால் தம் பக்கம் சாட்சி கிடைத்ததாக எடுத்துக்கொண்டிருப்பார்.

'தம்பி'யிலிருந்து 'நான்' வரை

மேற்கண்ட மூன்று தரப்புகளும் பாட்டு என்ன சொல்கிறது, கேட்பவரை என்ன செய்கிறது என்றே கேட்கின்றன. யார் யாரிடம் சொல்கிறார் என்று கேட்டால் தமிழ்ப் பாட்டில் நடந்த மாற்றம் வேறு வடிவில் தெரிகிறது.

'நாடோடி மன்ன'னில் (1958) எம்.ஜி.ஆர். தம்பியைத் தூங்காதே என்று எழுப்பும் பாட்டையும் 'அரசிளங்குமரி'யில் சின்னப் பையனுக்குப் புத்தி சொல்லும் பாட்டையும் எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். இவற்றில் பேசுபவர் மூத்தவர், கேட்பவர் இளையவர். மதிப்பீடு மேலிருந்து கீழே இறங்குகிறது. கேரளத்தில் ஐம்பதுகளின் கேபிஏசி நாடகக் குழுவின் பாடல்களில் கவிஞர் ஓ.என்.வி. குறுப்பும் இசையமைப்பாளர் தேவராஜனும் 'நாம்' என்ற கூட்டுக் குரலை உருவாக்கினார்கள். அங்கும் கேட்பவர் ஒரு வர்க்கத்தின் பகுதியாக அழைக்கப்பட்டார். எல்லை ஊரின் அந்தத் தலைமுறை இரண்டையும் கேட்டது.

தொண்ணூறுகளில் பேசுபவர் இளையவராகிறார். ஏ.ஆர். ரகுமானின் 'காதலன்' (1994) படத்து 'பேட்டை ராப்'பில் நகரத்து இளைஞன் விலைவாசியையும் பசியையும் தன் வாயால் அடுக்குகிறான். யாரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்ராவும் 2006இல் தந்த 'வல்லவன்' தமிழ் ராப்புக்குத் தனி நாற்காலி போட்டது. அதன்பின் வந்த பத்தாண்டில் 'நான்' வீங்கியது உண்மை. தோற்ற காதலன், குடிக்கும் நண்பன், எதிரியை மிரட்டும் நாயகன் என்று அந்த 'நான்' சில அச்சுகளில் சுருங்கியதும் உண்மை. மதிப்பு சரிந்ததாகச் சொல்வோர் இந்தப் பத்தாண்டையே மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை.

குரல் யாருடையது

நான்காம் தரப்பு, மதிப்பீடு என்று நாம் சொல்வது யாருடைய மதிப்பீடு என்று கேட்கிறது. தமிழில் இதை இசையின் உள்ளிருந்தே கேட்டவர்களில் முதன்மையானவர் அருள்திரு ஜே. தியாபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், 'பறட்டை' என்ற பெயரில் நாட்டார் மெட்டில் வழிபாட்டுப் பாடல்களைக் கட்டினார். கர்நாடகக் கீர்த்தனையும் ஆங்கிலப் பாமாலையும் மேல்நிலைச் சாதி, வர்க்கச் செவிக்குரியவை, கிராமத்து ஏழைக்கு அவனுடைய தாளத்திலேயே விடுதலை சொல்ல வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஊரே ஒரே உலையில் சமைத்து உண்பதை அவர் இறையாட்சியின் உருவமாகக் கொண்டார். சோயி ஷெரினியன் 2014இல் அவரைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார்.

பறட்டையின் கேள்வியைச் சபைக்கு வெளியே, மின்கிதாரோடு கேட்டது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த இந்தக் குழு 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. சாவு வீட்டோடு ஒதுக்கப்பட்ட கானாவும் பறையும் ராக்கோடு ஒரே வரிசையில் நின்றன. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யில் ராப் பாடகர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் நினைவைப் பாட்டின் நடுவில் வைத்தார். அந்தப் பாட்டும் சந்தையிலிருந்து தப்பவில்லை. அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அறிவின் முகம் விடுபட்டுப் பெரும் விவாதமானது. அந்தப் பாட்டால் தமக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று அதைத் தயாரித்த இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார்.

எல்லையின் கேரளப் பக்கம் இதே அலையின் பெயர் வேடன். திருச்சூரைச் சேர்ந்த ஹிரண்தாஸ் முரளி, யாழ்ப்பாணத் தமிழ்த் தாயின் மகன். 2020இல் 'வாய்ஸ் ஆஃப் தி வாய்ஸ்லெஸ்' பாடலால் அறியப்பட்டவர். மலையாள ராப்பில் நிலமற்றவனின் சினம் அவர் வழியே நுழைந்தது. கோழிக்கோடு பல்கலைக்கழகம் 2025இல் அவர் பாட்டை மைக்கேல் ஜாக்சன் பாட்டோடு ஒப்பிட்டுப் படிக்கப் பாடத்திட்டத்தில் வைத்ததும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கஞ்சா வழக்கில் கைதானார். இடுக்கியில் ரத்தான அரசு விழா நிகழ்ச்சி மே மாதம் அவருக்கே மீண்டும் கொடுக்கப்பட்டது. நவம்பரில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பாடலுக்காகச் சிறந்த பாடலாசிரியருக்கான மாநில விருது அறிவிக்கப்பட்டது. பெண்கள் அவர் மீது தெரிவித்த பாலியல் புகார்கள் இவற்றோடு சேர்ந்தே பேசப்பட்டன. சட்டத்தின் பாதை அவற்றுக்கு வேறு. விடுதலை பாடுபவரின் வாழ்வை அவர் பாட்டோடு எவ்வளவு சேர்த்து எடைபோடுவது என்ற கேள்வியில், நான்காம் தரப்பிடம் இன்னும் தெளிவான விடை இல்லை. இது சிறிய குறை அல்ல. சாதியைக் கேள்வி கேட்கும் பாட்டு ஆண்மையைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடக் கூடும்.

பெண் பாடும்போது

அமண்டா வைட்மன் 2021இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்ப் பின்னணிப் பாட்டில் பெண்குரல் எப்படிப் பிரித்துவைக்கப்பட்டது என்று காட்டுகிறது. குலமகளுக்கு ஒரு குரல், விடுதி ஆட்டக்காரிக்கு வேறு குரல். அந்த இரண்டாம் குரலாக அறியப்பட்ட எல்.ஆர். ஈஸ்வரி, கிறித்தவராகப் பிறந்தவர், பின்னாளில் ஆடி மாதத்து அம்மன் பாட்டின் குரலாகவே ஆனார். ஒரே தொண்டை, ஒரே துள்ளல். சூழல் மாறியதும் கேட்பவரின் மதிப்பு தலைகீழாயிற்று. கெட்ட இசை என்று ஒன்று தன்னளவில் இருக்கிறது என்போருக்கு இதைவிட வலுவான மறுப்பு தமிழில் இல்லை.

காஸ்ட்லெஸ் கலெக்டிவின் இசைவாணி, ஆண்களின் கோட்டையான கானாவில் நுழைந்து 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். சபரிமலைத் தீர்ப்புக் காலத்தில் பெண் நுழைவைப் பற்றி அவர் குழுவோடு பாடிய பாட்டுக்காக, ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில் அவர் மீது புகார்கள் கொடுக்கப்பட்டன. மாதர் சங்கம் பெண்ணை இழிவுசெய்த பாட்டுக்கு எதிராகப் போன அதே காவல் நிலையக் கதவைத்தான், பெண் உரிமை கேட்ட பாட்டுக்கு எதிராகவும் தட்டினார்கள். தடுக்கும் அதிகாரத்தை ஒருமுறை கொடுத்தால் அது யார் கைக்குப் போகும் என்பதைத் தடுப்புத் தரப்பு சிந்திக்க வேண்டும். அதே சமயம், பக்தியோடு மாலை போட்ட இளைஞன் ஒருவன் அப்பாட்டால் உண்மையிலேயே புண்பட்டிருக்கலாம் என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. அவனும் இந்தத் தலைமுறைக் கேட்பவன்தான்.

உலகப் பாட்டும் ஊழியப் பாட்டும்

காரக்கோணம் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமான விவாதம் சபைக்குள் நடக்கிறது. தமிழ்க் கிறித்தவ வழக்கில் திரைப்பாட்டுக்கு 'உலகப் பாட்டு' என்று பெயர். அறுபதுகளின் இறுதியில் அமெரிக்காவில் லாரி நார்மன் போன்றோர் ராக்கைச் சுவிசேஷத்துக்குக் கொண்டுவந்தபோது எழுந்த கேள்வி இங்கே தாமதமாக வந்தது: உலகத்தின் மெட்டில் ஆண்டவரைப் பாடலாமா?

அருள்தந்தை எஸ்.ஜே. பெர்க்மான்சின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' தொகுதிகள் பரவியபின் வடிவத்தைப் பற்றிய தயக்கம் பெரிதும் தணிந்தது. இன்றைய ஆராதனைக் குழுவில் டிரம்சும் மின்கிதாரும் கீபோர்டும் சாதாரணம். பார்வைக்கும் ஒலிக்கும் ராக் மேடைக்கும் அதற்கும் வேறுபாடு குறைவு. ஆனால் உள்ளடக்கத்தில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. அதைப் பற்றிய பேச்சு போதவில்லை. பழைய கீர்த்தனை பெரும்பாலும் ஒரு கதையைச் சொன்னது: பிறப்பு, பாடு, உயிர்ப்பு. அதில் சபை முழுவதும் சாட்சி. புதிய ஆராதனைப் பாட்டு பெரும்பாலும் 'என்னை', 'எனக்கு' என்று உருகுகிறது. தனி மனத்தின் காயமும் ஆறுதலும் அதன் மையம். அமெரிக்கப் பாடல்களில் டிவால் குழு எண்ணிக் கண்ட 'நான்' பெருக்கத்துக்கு இணையான ஒன்று, போதையும் வன்முறையும் எட்டிப்பார்க்காத இந்தப் பாடல்களிலும் தென்படுகிறது. ஆகவே தன்மை ஒருமையின் எழுச்சியைச் சினிமாவின் குற்றமாகவோ ராப்பின் குற்றமாகவோ மட்டும் பார்க்க இயலாது. கூட்டுக்குடும்பமும் ஊர்க்கட்டும் தளர்ந்து, வளைகுடாவுக்கும் பெருநகரங்களுக்கும் பிரிந்துபோன ஒரு சமூகத்தில் தனிமை பெருகியதன் ஒலியாகவும் அது இருக்கலாம். அப்படியானால் பறட்டையின் ஒரே உலை, இளைய ஆராதனைக் குழுக்கள் மீண்டும் எடுத்துப் பார்க்கவேண்டிய ஒன்று.

தீராதவை

நான்கு தரப்பும் ஒவ்வொரு பகுதியை விளக்குகின்றன. இழிவுசெய்யும் வரிகளுக்கும் இளையோர் நடத்தைக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஓரளவு சான்று இருக்கிறது. பாட்டு காரணமா, ஏற்கெனவே அந்த மனநிலையில் இருப்பவர்கள் அந்தப் பாட்டைத் தேடுகிறார்களா என்பது முடிவாகவில்லை. தடை பெரும்பாலும் பலனளிக்கவில்லை என்பது ஏறக்குறைய உறுதி. சந்தை எதிர்ப்புப் பாட்டையும் விழுங்கும். ஆனால் விழுங்கப்பட்ட பாட்டும் எவரோ ஒருவரை நிமிர வைக்கிறது. எதை முன்னிறுத்துவது என்பதைத் தளத்தின் கணிப்புமுறை தீர்மானிக்கும்போது, கேட்பவரின் தேர்வை அவர் மதிப்பீட்டின் அடையாளமாக எவ்வளவு கொள்வது என்ற கேள்விக்கு முந்தைய கோட்பாடு எதுவும் தயாராக இல்லை.

என் கணிப்பில், ஒரு நேர்கோட்டில் ஒழுக்கம் சரிந்தது என்ற வாதம் நிற்காது. பேசும் உரிமை மூத்தவரிடமிருந்து இளையவருக்கும், பின் இதுவரை பேசவிடப்படாதவருக்கும் கைமாறியதே பெரிய மாற்றம். அது வரவேற்கத்தக்கது. அந்தக் கைமாற்றம் பெண்ணிடம் இன்னும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்பது இன்றைய இளையோர் இசையின் முதன்மையான குறை. மதுவையும் புகையையும் குறித்த புகார்களைவிட இதற்கு அதிக கவனம் தேவை.

எல்லை ஊர்களின் கேட்டலை இரு மாநிலங்களும் தங்கள் மொழியளவில் பாதியாகவே பார்க்கின்றன. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வட்டாரக் கல்லூரிகளின் தமிழ், மலையாளத் துறைகளும் சபைகளின் வாலிபர் சங்கங்களும் விழாக் குழுக்களும் சேர்ந்தால், கடந்த ஐம்பது ஆண்டுகளில் இங்கே மேடையேறிய கானமேளா, கச்சேரி, ஆராதனைப் பாடல்களின் பட்டியலை இரு மொழியிலும் தொகுத்துவிடலாம். பழைய பாடகர்களும் மைக் செட்காரர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கும் வேலையை இந்த வட்டார ஆசிரியர்கள் இப்போதே தொடங்க வேண்டும்.